கார்புரேட்டரை விடுங்க... முதல்ல கம்பியைப் பாருங்க!

"எஞ்சின் இழுக்கலையா? கார்புரேட்டரைக் கழட்டு!"

நம்ம கடற்கரைகளில் இது ஒரு மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. படகுக்காரரும் சொல்கிறார், மெக்கானிக்கும் சொல்கிறார், பக்கத்தில் சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறவரும் சொல்கிறார். அடுத்த அரை மணி நேரத்தில் ஒரு கிழிந்த பேப்பர் மேல் ஜெட், ஊசி, மிதவை, கேஸ்கட் எல்லாம் பிரிந்து கிடக்கும். கடற்கரைக் காற்று சும்மா இருக்குமா? கூடவே கொஞ்சம் மணலும் சேர்ந்துகொள்ளும்.

இந்த மந்திரத்துக்கு எதிராகத்தான் இன்றைக்கு எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: சின்ன அவுட்போர்டு எஞ்சினில் "வேகம் ஏறலை", "வேகம் இறங்கலை", "முறுக்கு இறுகிப் போச்சு" என்று மூன்றில் எந்தப் புகார் வந்தாலும், முதலில் பார்க்க வேண்டியது கார்புரேட்டர் இல்லை. கைப்பிடிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கும் கம்பிகளும் கைகளும் மூட்டுகளும்தான். காரணம் ரொம்ப எளிது. அதைப் பார்க்க பத்து நிமிஷம் போதும், பைசா செலவில்லை, எஞ்சினை ஓட்டவே வேண்டாம். கார்புரேட்டரைப் பிரித்தாலோ, இல்லாத கோளாறு ஒன்றிரண்டு புதிதாக வந்து சேர வாய்ப்பு இருக்கிறது. செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ள சோதனை பிறகு. இதுக்கு எஞ்சினியரிங் படிக்க வேண்டுமா என்ன?

படகு பக்கமே போகாத நண்பர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். அவுட்போர்டு என்பது படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடும் எஞ்சின். மேலே எஞ்சின், நடுவில் நீளமான தண்டு, தண்ணீருக்குள் விசிறி. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கினார். (அவர் பெயரில் ஓடிய எவின்ரூட் எஞ்சின்களின் உற்பத்தி 2020ல் நின்றுபோனது.) யமஹா 1960லும் சுசுகி 1965லும் இந்தச் சந்தைக்குள் வந்தன. நம்ம பக்கத்தில், 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தபோது, மோட்டார் வைத்த சின்னப் படகு என்பது கரைகளில் சர்வ சாதாரணமாகிவிட்டது. நான் இங்கே பேசுவது 8 முதல் 15 குதிரைசக்தி வரை உள்ள, கைப்பிடியை முறுக்கி ஓட்டுகிற டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களைப் பற்றி. பெட்ரோலில் ஓடினாலும் சரி, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற ரகமாக இருந்தாலும் சரி, இணைப்புகளின் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சரி, கைப்பிடியை முறுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது?

பைக் மாதிரி ஒரே ஒரு ஆக்சிலேட்டர் கம்பி நேராக கார்புரேட்டருக்குப் போகிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். ரொம்பச் சின்ன 2, 3 குதிரைசக்தி எஞ்சின்களில் சிலவற்றில் அப்படித்தான். கொஞ்சம் பெரியதில் கதை நீளம். முறுக்கு, கைப்பிடிக்குள் இருக்கும் ஒரு தண்டைத் திருப்புகிறது. தண்டின் முனையில் உருளையோ பல்சக்கரமோ இருக்கும். உருளை ரகத்தில் இரண்டு கம்பிகள், ஒன்று திறக்க, ஒன்று மூட. இவை எஞ்சின் மூடிக்குள் போய் ஒரு கையைத் திருப்புகின்றன. அந்தக் கை ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும் மேக்னெட்டோ தட்டை நகர்த்துகிறது. அதோடு சேர்ந்து ஒரு கேம் நகர்கிறது. கேம் ஒரு சின்ன உருளியைத் தள்ள, அந்த உருளிதான் கடைசியில் கார்புரேட்டரின் பட்டர்ஃப்ளை தகட்டைத் திறக்கிறது. மாடலுக்கு மாடல் வரிசை கொஞ்சம் மாறும். ஆனால் எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு மூட்டுகளாவது இருக்கும்.

எதற்கு இந்தத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை? கேள்வி நியாயமானது. பதில் அழகானது. வேகம் கூடும்போது பெட்ரோல் கலவை மட்டும் கூடினால் போதாது, பிளக்கில் பொறி விழும் நேரமும் முன்னால் வர வேண்டும். மெதுவாக ஓடும்போது பொறி தாமதமாக விழுவது நல்லது, வேகத்தில் சீக்கிரம் விழ வேண்டும். பழைய டிசைன் எஞ்சின்களில் இந்த இரண்டு வேலையையும் ஒரே முறுக்கு செய்கிறது. முதல் கொஞ்சம் முறுக்கில் பொறி நேரம் முன்னேறும், பிறகுதான் தகடு திறக்க ஆரம்பிக்கும். இரண்டும் கைகோத்துப் போக வேண்டும்.

இப்போது புரிகிறதா, கார்புரேட்டரை மட்டும் குற்றம் சொல்வது ஏன் தப்பு என்று? கம்பி தளர்ந்து போனால் தகடு மட்டும் இல்லை, பொறி நேரமும் கெடும். தகடு முந்திக்கொண்டு, பொறி பின்தங்கினால், முறுக்கியதும் எஞ்சின் "ப்ப்ப்ப்..." என்று திணறி அடங்கும். பார்க்கிறவர் "ஜெட் அடைச்சிருக்கு" என்பார். பொறி முன்னேறி, தகடு திறக்காமல் நின்றால், சத்தம் கொஞ்சம் ஏறும், படகு நகராது. பார்க்கிறவர் "கம்ப்ரஷன் போச்சு" என்பார். இரண்டு தீர்ப்பும் செலவு வைக்கிற தீர்ப்பு! பொறி அளவுக்கு மீறி முன்னால் வந்துவிட்டால் இன்னும் மோசம், எஞ்சினுக்குள் தட்டல் சத்தம் கேட்கும், பிஸ்டனே கெட்டுப்போகலாம்.

இனி சோதனை. எஞ்சினை நிறுத்துங்கள். கில் ஸ்விட்ச் கிளிப்பை எடுத்துவிடுங்கள். மூடியைக் கழற்றுங்கள். இந்த நேரத்தில் எஞ்சினைக் கரையில் தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்க்கும் வீரசாகசம் வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் பம்பு காய்ந்து நாசமாகும், பாரம் இல்லாத எஞ்சின் எகிறும். மூடி திறந்த எஞ்சின் ஓடும்போது ஃப்ளைவீல் பக்கத்தில் தோள்துண்டோ சட்டைக்கையோ போனால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டாம்.

முதல் கேள்வி: முறுக்கு இறுக்கமாக இருக்கிறதா? இருந்தால், எஞ்சின் பக்கம் கம்பியின் முனையைக் கழற்றிவிட்டு மறுபடி முறுக்குங்கள். இப்பவும் இறுக்கம் என்றால் கோளாறு கைப்பிடிக்குள்: உப்புப் படிவு, காய்ந்த கிரீஸ், அல்லது யாரோ இறுக்கி வைத்த டைட் ஸ்குரூ. (முறுக்கு நின்ற இடத்தில் நிற்பதற்காகவே அந்த ஸ்குரூ இருக்கிறது. அதிகம் இறுக்கினால் கை வலிக்கும், அதிகம் தளர்த்தினால் அதிர்விலேயே வேகம் தானாக மாறும்.) முறுக்கு லேசாகிவிட்டதா? அப்படியானால் எஞ்சின் பக்கத்துக் கையை விரலால் நகர்த்துங்கள். அது இறுகினால் கோளாறு அங்கே. இரண்டு பக்கமும் லேசு என்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான், நடுவில் உள்ள கேபிள். உறை வெடித்திருக்கும், உள்ளே துரு, அல்லது எங்காவது மடங்கி நசுங்கியிருக்கும். ஒரே ஒரு இணைப்பைக் கழற்றி மூன்றில் குற்றவாளி யார் என்று கண்டுபிடித்தாகிவிட்டது. மருத்துவர் வயிற்றை அமுக்கி "இங்கே வலிக்கிறதா, இங்கே வலிக்கிறதா" என்று கேட்பதுபோல.

இரண்டாவது கேள்வி: முழுசாக முறுக்கினால் தகடு முழுசாகத் திறக்கிறதா? ஒருவர் முறுக்கட்டும், இன்னொருவர் கார்புரேட்டர் வாயைப் பார்க்கட்டும். முன்னால் காற்று மூடி இருந்தால் கழற்ற வேண்டியிருக்கும். முழுத் திறப்பில் தகடு காற்று போகும் திசைக்கு இணையாக, விளிம்பு மட்டும் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் அங்கேயே பிடிபட்டது உங்கள் "இழுக்காத" எஞ்சின்.

"கொஞ்சம்தானே சாய்ந்திருக்கு" என்பவர்களுக்காக ஒரு கணக்கு. ஒரு பேச்சுக்கு ஆறு மூட்டுகள், ஒவ்வொன்றிலும் தேய்மானத்தால் அரை மில்லிமீட்டர் ஆட்டம் என்று வைப்போம். மொத்தம் 3 மில்லிமீட்டர். கையின் முழு நகர்வு 30 மில்லிமீட்டர் என்றால் பத்தில் ஒரு பங்கு காலி. மூடிய தகட்டை 0 பாகை, முழுத் திறப்பை 90 பாகை என்று எளிமையாக எடுத்தால், நம் தகடு 81 பாகையில் நின்றுவிடும். 81 பாகையின் கோசைன் 0.156. ஆக, காற்று போகும் வழியில் சுமார் 16 சதவீதம் அடைபட்டே இருக்கிறது. சக்தியும் அதே 16 சதவீதம் குறையும் என்று அர்த்தமில்லை, ஆனால் குறையும். தனித்தனியாக ஆட்டிப் பார்த்தால் ஒவ்வொரு மூட்டும் "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் தோன்றும். சேர்ந்துதான் கழுத்தறுக்கும். தியரி ஆஃப் மெஷின்ஸ் வகுப்பில் நாம் கோடு போட்டு வரைகிற இணைப்புகளில் ஆட்டமே இருக்காது. கடலில் இருக்கிற இணைப்பில் ஆட்டம்தான் முதல் பாடம்.

மூன்றாவது கேள்வி: முறுக்கை மூடினால் தகடு முழுசாக மூடுகிறதா? மூடவில்லை என்றால் திரும்பு ஸ்பிரிங் துருப்பிடித்து இழுவிசை இழந்திருக்கலாம், தகட்டின் தண்டில் எண்ணெய்ப் பிசின் ஒட்டியிருக்கலாம், மூடுகிற கம்பி தளர்ந்திருக்கலாம், ஐட்லிங் ஸ்குரூவை யாரோ உள்ளே ஏற்றி வைத்திருக்கலாம். தகடு நன்றாக மூடியும் எஞ்சின் எகிறிக்கொண்டே ஓடுகிறதா? அப்போதுதான் இணைப்பு நிரபராதி, எங்கோ கேஸ்கட் வழியாகக் காற்று நுழைகிறது என்று சந்தேகிக்கலாம்.

ஒரு குறிப்பு. நியூட்ரலில் முறுக்கு பாதியில் நிற்கிறது என்று கம்பியை வெட்டி நீட்டாதீர்கள். கியரில் இல்லாதபோது அதிகம் முறுக்க முடியாதபடி பல எஞ்சின்களில் தடுப்பு வைத்தே செய்கிறார்கள். அது கோளாறு இல்லை, உங்களைக் காப்பாற்றும் ஏற்பாடு. கியரில் போட்டு (எஞ்சின் நின்றிருக்கும்போதுதான்!) சோதியுங்கள்.

"தம்பி, இதெல்லாம் ஒரு மேட்டரா? கட்டுக்கம்பி போட்டுக் கட்டினா ஓடும், போப்பா" என்று ஒரு குரல் எனக்குக் கேட்கிறது. :-)

ஓடும். அதை நான் மறுக்கவே இல்லை. நடுக்கடலில் மூட்டு ஒன்று கழன்றுவிட்டால் கட்டுக்கம்பியோ தங்கூசி நரம்போ எது கிடைக்கிறதோ அதைக் கட்டிக் கரை சேருகிறவர்தான் கெட்டிக்காரர். அந்தக் கைத்திறனுக்கு என் வணக்கம். என் சண்டை கரைக்கு வந்தபிறகு. கரை சேர்த்த கட்டு மறுநாளும் கடலுக்குப் போகிறது, மறுவாரமும் போகிறது, அப்புறம் அதுவே அந்த எஞ்சினின் நிரந்தர உறுப்பாகிவிடுகிறது. பாகத்துக்குக் காசு இல்லை, டவுனுக்குப் போனால் ஒரு நாள் தொழில் போச்சு என்கிற நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இந்தச் சங்கிலியில் அடிக்கடி கெடுவது எஞ்சினிலேயே மலிவான சாமான்கள்: ஒரு ஸ்ப்ளிட் பின், ஒரு பிளாஸ்டிக் மூட்டு, ஒரு ஸ்பிரிங், ஒரு கேபிள். கார்புரேட்டரோடு ஒப்பிட்டால் இவை பெரிய விலையில்லை. ஆளுக்கு ஒன்று வேண்டாம், ஒரே மாடல் வைத்திருக்கும் நாலு படகுக்காரர்கள் சேர்ந்து ஒரு டப்பாவில் வாங்கிப் போட்டுவைத்தாலே போதுமே?

ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்றால், இது வெறும் மைலேஜ் விஷயம் இல்லை. உயிர் விஷயம்.

பைக்கில் ஆக்சிலேட்டரை விட்டால் அது தானாகத் திரும்பிவிடும். அவுட்போர்டு கைப்பிடியில் அப்படி இல்லை. விட்ட இடத்தில் நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள், மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்க முடியாதல்லவா. இதன் விளைவை யோசியுங்கள். ஓட்டுகிறவர் தடுமாறித் தண்ணீரில் விழுந்தால் படகு நிற்காது. அதே வேகத்தில் போகும். பிடிக்க ஆளில்லாத கைப்பிடி விசிறியின் முறுக்கு விசையில் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். படகு வட்டமடிக்கும். வட்டமடித்து எங்கே வரும்? விழுந்தவர் இருக்கும் இடத்துக்கு. விசிறியோடு.

இதற்காகத்தான் அந்தச் சிவப்புக் கயிறு, கில் ஸ்விட்ச் கயிறு. ஒரு முனை ஸ்விட்சில், இன்னொரு முனை ஓட்டுகிறவர் உடம்பில். விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு வரும், எஞ்சின் நிற்கும். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைந்த பொழுதுபோக்குப் படகுகளில் 3 குதிரைசக்தி அல்லது அதற்கு மேற்பட்ட எஞ்சினும் இந்த ஸ்விட்சும் இருந்தால், படகு வேகமாக ஓடும்போது அதை மாட்டிக்கொள்வது சட்டப்படி கட்டாயம். நம்ம கரையில் நான் பார்த்த பல எஞ்சின்களில் கயிற்றை எஞ்சினிலேயே சுற்றிவைத்திருக்கிறார்கள். "வலை இழுக்கையில இடைஞ்சல் அண்ணே." சரி, வலை இழுக்கும்போது கழற்றிவைக்கலாம். வேகமாக ஓட்டும்போது என்ன இடைஞ்சல்?

எதிர்ப்பக்கமும் ஆபத்துதான். திறந்தே மாட்டிக்கொள்ளும் முறுக்கு ஒரு வகை என்றால், தேவையான நொடியில் திறக்காத முறுக்கு இன்னொரு வகை. துறைமுகம் இல்லாத கரைகளில் அலை உடைகிற இடத்தைத் தாண்டித்தான் போகவும் வரவும் வேண்டும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் கிடைக்கிற சில நொடியில் முறுக்கியதும் படகு பாய வேண்டும். அந்த நேரத்தில் தேய்ந்த மூட்டு "இருங்க, வர்றேன்" என்றால், படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அப்புறம் கவிழ எவ்வளவு நேரம்? கரையில் "கொஞ்சம் ஆட்டம் இருக்கு, பரவாயில்லை" என்று விடுவதன் உண்மையான விலை அங்கேதான் தெரியும்.

சரி செய்யும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வரிசை மாறினால் எல்லாம் மாறும். முதலில் தேய்ந்ததை மாற்றுங்கள், ஆட்டத்தை வைத்துக்கொண்டு அளவு பிடிக்க முடியாது. அடுத்து ஐட்லிங் ஸ்குரூவைப் பின்வாங்கி, தகடு முழுசாக மூடுவதை உறுதி செய்யுங்கள். பிறகு கேமும் உருளியும் சந்திக்கும் இடம். பல எஞ்சின்களில் கேமில் ஒரு கோடு இருக்கும், தகடு திறக்கத் தொடங்கும்போது உருளி அந்தக் கோட்டில் இருக்க வேண்டும். அடுத்து முழுத் திறப்பு: தகடு நேராக நிற்க வேண்டும், இழுப்பு நிற்க வேண்டியது எஞ்சினில் உள்ள தடுப்பில், கம்பியின் கழுத்தில் இல்லை. லாக் நட்டை இறுக்குங்கள். கைப்பிடியை மேலே தூக்கி, கீழே இறக்கிப் பாருங்கள், அதில் கம்பி இழுபட்டுத் தகடு அசையக் கூடாது. கடைசியாக, படகு தண்ணீரில் இருக்க, எஞ்சின் சூடானபிறகு ஐட்லிங். நிறையப் பேர் இந்தக் கடைசி வேலையை முதலில் செய்கிறார்கள். இணைப்புக் கோளாறை ஐட்லிங் ஸ்குரூவால் மறைக்கிறார்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரை உடைத்த கதை.

பராமரிப்பு அதைவிட எளிது. கடலில் இருந்து வந்ததும் கைப்பிடி, கேபிள் முனைகளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மூட்டுகளுக்குக் கடலுக்கு ஏற்ற கிரீஸ் கொஞ்சம். பழைய எஞ்சின் ஆயிலை ஊற்ற வேண்டாம், அது மணலைப் பிடித்து அரைக்கும் பேஸ்ட் ஆகிவிடும். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ இறங்கும் இடங்களில் வெள்ளைப் பொடி தெரிகிறதா பாருங்கள். உப்புநீர் நடுவில் இருக்க, இரண்டு உலோகமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், பொடி உப்பிக்கொண்டு மூட்டை இறுக்கும்.

கடைசியாக ஒரு ஆதங்கம். நான் கையில் எடுத்துப் பார்த்த எஞ்சின் கையேடுகள் எல்லாம் ஆங்கிலம். அழகான படங்கள், துல்லியமான அளவுகள், எல்லாம் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கும், பீரோவுக்குள்! மெக்கானிக்கல் படிக்கிற நாம் மைனர் பிராஜெக்ட் என்று எங்கேயோ காசு கொடுத்து வாங்கி வைக்கிறோம். அதற்குப் பதில், நம்ம கரையில் அதிகம் ஓடும் ஒரு எஞ்சினை எடுத்து, அதன் இணைப்புச் சோதனையை நாலு படம் போட்டு ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டினால் என்ன? கடல் அனுபவம் அவர்களுக்கு நம்மைவிட நூறு மடங்கு இருக்கிறது. நம்மிடம் கொடுக்க இருப்பது சந்தேகப்படும் வரிசை மட்டும்தான். அதையாவது கொடுப்போம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். வரும்போது கார்புரேட்டரைக் கழற்றாமல் வாங்க!